வீட்டு வெப்பப் பம்பும் திட்ட அனுமதியும்: இங்கிலாந்தின் விதிகள்

வெப்பப் பம்பு என்பது வெளிக்காற்று, நிலம், நீர் ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் சேர்க்கும் மின்கருவி. வெப்ப எக்கி என்றும் இதைச் சொல்வர். எரிவாயுக் கொதிகலனுக்கு மாற்றாக இங்கிலாந்தில் இது பரவி வருகிறது. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையில், மின்விசிறியும் அமுக்கியும் கொண்ட பெட்டி ஒன்று வீட்டுக்கு வெளியே நிற்கும். அந்தப் பெட்டியை எங்கே வைக்கலாம், எவ்வளவு பெரியதாக வைக்கலாம், எவ்வளவு ஓசை வரலாம் என்பவற்றை நகர் ஊரமைப்புச் சட்டம் வரையறுக்கிறது.

‘பெரும்பாலான வீடுகளுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை’ என்று விளம்பரங்களும் நிறுவுநர்களும் சொல்வதுண்டு. இது சரியான கூற்றுதான். ஆனால் பாதிக் கூற்று. உண்மையில் அனுமதி தேவைப்படாமல் போகவில்லை. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ், நிபந்தனைகளோடு, அது முன்கூட்டியே வழங்கப்பட்டிருக்கிறது. நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அந்த முன் அனுமதி முழுவதும் இல்லாமல் போகும். பல ஆயிரம் பவுண்டு செலவிட்டுப் பொருத்திய கருவியை இடம் மாற்றவோ அகற்றவோ நேரிடலாம். இந்த வேறுபாட்டையும் அந்த நிபந்தனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

கருவி இயங்கும் முறை

ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தவர்களுக்கு வெப்பப் பம்பின் வெளி அலகு புதிதாகத் தோன்றாது. ஏ.சி. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பு அதே வேலையைத் திசை மாற்றிச் செய்கிறது. குளிர்பொருள் என்னும் திரவம் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும். குளிர்காலக் காற்றில் உள்ள சிறிதளவு வெப்பமே அதை ஆவியாக்கப் போதும். அந்த ஆவியை அமுக்கி அழுத்தும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. அந்த வெப்பம் நீருக்கு மாற்றப்பட்டு, ரேடியேட்டர்களுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் செல்கிறது.

மின்சாரம் இங்கே வெப்பத்தை உண்டாக்கச் செலவாவதில்லை. இடம் மாற்றவே செலவாகிறது. ஆகையால் நன்கு வடிவமைத்த ஓர் அமைப்பில், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் வீட்டுக்குக் கிடைக்கிறது.

கட்டட விதிகளுக்கு முக்கியமானது வேறொன்று. ஏ.சி. தேவைப்படும் நேரத்தில் ஓடி நின்றுவிடும். வெப்பப் பம்போ குளிர்காலத்தில் மெதுவாக, நீண்ட நேரம், இரவிலும் ஓடக்கூடியது. வெளியே கடுங்குளிர் உள்ள இரவில்தான் அது அதிகமாக உழைக்கும். அதே இரவில்தான் தெரு மிக அமைதியாக இருக்கும். அடுத்த வீட்டின் படுக்கையறைச் சன்னல் சில மீட்டர் தொலைவில் இருக்கலாம். இங்கிலாந்தின் விதிகளில் பெரும்பகுதி இந்த ஒரு சூழ்நிலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதே.

சட்டத்தின் பின்னணி

1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 1948 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதில் கட்டுவதற்கும் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி பெற வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. இன்று நடைமுறையில் உள்ளது 1990ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். கட்டுதல், பொறியியல் வேலை, பயன்பாட்டு மாற்றம் முதலியவற்றை அது ‘மேம்பாடு’ என்று வரையறுக்கிறது. மேம்பாட்டுக்கு அனுமதி வேண்டும்.

ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஒவ்வொருவரும் விண்ணப்பித்தால் கவுன்சில்கள் தாங்காது. எனவே பொதுவான சிறு வேலைகளுக்கு, வகை வகையாக, ஓர் ஆணையின் மூலம் அனுமதி மொத்தமாக வழங்கப்படுகிறது. இதற்கு ‘அனுமதிக்கப்பட்ட மேம்பாடு’ என்று பெயர். இங்கிலாந்துக்கான இப்போதைய ஆணை 2015ஆம் ஆண்டினுடையது. அதன் இரண்டாம் அட்டவணையின் 14ஆம் பகுதி, சூரியத் தகடுகள், வெப்பப் பம்புகள் போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கருவிகளைப் பற்றியது. அதில் காற்றுவழி வெப்பப் பம்புக்கு உரியது ‘ஜி’ வகுப்பு. நிலவழிப் பம்புக்கு ‘சி’ வகுப்பும் நீர்வழிப் பம்புக்கு ‘டி’ வகுப்பும் உள்ளன.

காற்றுவழிப் பம்புக்கு இந்தச் சலுகை முதன்முதலில் 2011 டிசம்பர் 1 முதல் கிடைத்தது. அப்போதைய விதிகளில் மூன்று எண்கள் முக்கியமானவை: வெளி அலகின் கனஅளவு 0.6 கன மீட்டருக்கு மேற்படக் கூடாது. அலகு மனை எல்லையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அண்டை வீட்டில் ஓசை 42 டெசிபெலுக்கு மேற்படக் கூடாது.

2025இல் வந்த மாற்றம்

இங்கிலாந்தின் நகர்ப்புறங்களில் வரிசை வீடுகளும் இரட்டை வீடுகளும் மிகுதி. வரிசை வீடு என்பது இரு பக்கமும் பொதுச்சுவரால் அடுத்த வீடுகளோடு இணைந்தது. இரட்டை வீடு ஒரு பக்கம் மட்டும் இணைந்தது. இரட்டை வீட்டின் மறுபக்கத்தில் பெரும்பாலும் ஒரு குறுகிய நடைவழிதான் இருக்கும். அதில் அலகையும் வைத்து, எல்லைக்கு 1 மீட்டரும் விடுவது இயலாது. இதனால் கருவி பொருத்தக்கூடிய பல வீடுகள் முழு விண்ணப்பத்துக்குப் போக வேண்டியிருந்தது.

கனஅளவு வரம்பும் இடைஞ்சலாக இருந்தது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 1.1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், 0.5 மீட்டர் ஆழம் உள்ள அலகின் கனஅளவு 0.55 கன மீட்டர். இது பழைய வரம்புக்குள் அடங்கும். 1.3 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், 0.6 மீட்டர் ஆழம் என்றால் 0.78 கன மீட்டர். இது அடங்காது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே தேவையான காற்றைத் தள்ளிவிடும். அதனால் ஓசையும் குறையும். அதாவது, அளவைக் கட்டுப்படுத்திய விதி, சில வேளைகளில் ஓசை குறைந்த கருவியையே தடுத்தது.

2025 மே 29 முதல் விதிகள் மாறின. மாற்றங்களின் சுருக்கம் இது:

1. எல்லையிலிருந்து 1 மீட்டர் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது.
2. தனிக் குடும்ப வீடுகளுக்குக் கனஅளவு வரம்பு 0.6இலிருந்து 1.5 கன மீட்டராக உயர்ந்தது. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு 0.6 கன மீட்டரே நீடிக்கிறது.
3. எந்த வீட்டோடும் ஒட்டாத தனிவீட்டில் இரண்டு காற்றுவழிப் பம்புகள் வைக்கலாம். மற்றவற்றுக்கு ஒன்றுதான்.
4. முன்பு கருவியை வெப்பமூட்ட மட்டுமே பயன்படுத்தலாம். இப்போது குளிரூட்டவும் பயன்படுத்தலாம். ஆனால் குளிரூட்ட மட்டும் என்று இருக்கக் கூடாது.

முதல் மாற்றத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘இனி மதிலை ஒட்டி எங்கும் வைக்கலாம்’ என்று அது பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அளவுநாடாவால் அளக்கும் நிபந்தனை போனது உண்மை. ஓசை நிபந்தனை போகவில்லை. எல்லைக்கு அருகே போகப் போக அண்டை வீட்டுச் சன்னலுக்கும் அருகே போகிறோம். எனவே முன்பு 1 மீட்டர் இடைவெளி ஓரளவு செய்துவந்த வேலையை இனி ஓசைக் கணக்கே முழுவதும் செய்ய வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இப்போது மிக முக்கியமான நிபந்தனை இதுதான்.

ஓசைக் கணக்கு

‘ஜி’ வகுப்பின்படி, கருவியும் அதைப் பொருத்தும் முறையும் எம்.சி.எஸ். திட்டமிடல் தரநிலைக்கோ அதற்கு இணையான தரநிலைக்கோ ஒத்திருக்க வேண்டும். எம்.சி.எஸ். என்பது சிற்றளவு ஆற்றல் கருவிகளுக்கும் அவற்றைப் பொருத்தும் நிறுவனங்களுக்கும் சான்றளிக்கும் பிரிட்டன் அமைப்பு. அதன் 020 என்ற தரநிலை, ஓசையைக் கணக்கிடும் முறையைத் தருகிறது.

ஓசை எங்கே கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நம் வீட்டு முற்றத்திலோ எல்லை மதிலிலோ அல்ல. அண்டை வீட்டில் மக்கள் புழங்கும் அறை ஒன்றின் கதவு அல்லது சன்னலின் மையத்துக்கு 1 மீட்டர் வெளியே உள்ள புள்ளியில் கணக்கிடப்படுகிறது. வரவேற்பறை, படுக்கையறை போன்றவை இதில் சேரும்.

பழைய முறையில் வரம்பு 42 டெசிபெல். அதில் 40 டெசிபெல் பின்னணி ஓசை எப்போதும் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2025 மாற்றத்தோடு வந்த திருத்தப்பட்ட தரநிலையில் இந்தப் பின்னணிக் கணக்கு விடப்பட்டு, கருவியின் ஓசைக்கு மட்டும் 37 டெசிபெல் வரம்பாக வைக்கப்பட்டது.

42இலிருந்து 37 என்றால் விதி பெரிதும் கடுமையாகிவிட்டது என்று தோன்றலாம். அது சரியல்ல. டெசிபெல் மடக்கை அளவு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு ஓசைகளைச் சாதாரண எண்களைப் போலக் கூட்ட முடியாது. ஆற்றலளவில் 40 டெசிபெல் என்பது 10,000 பங்கு என்றால், 37.7 டெசிபெல் ஏறத்தாழ 5,900 பங்கு. இரண்டும் சேர்ந்தால் 15,900 பங்கு. அது ஏறத்தாழ 42 டெசிபெல். ஆக, 40 டெசிபெல் பின்னணியில் மொத்தம் 42ஐத் தாண்டாமல் இருக்க, கருவி சுமார் 37.7 டெசிபெலுக்குள் இருக்க வேண்டியிருந்தது. புதிய 37 அதைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

இனி ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கருவியின் ஒலித்திறன் அளவு 55 டெசிபெல் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதாகக் கொள்வோம். ஒலித்திறன் என்பது கருவி மொத்தமாக வெளிவிடும் ஒலியின் அளவு. ஒரு புள்ளியில் காதுக்கு எட்டும் அளவு அல்ல. அது தொலைவைப் பொறுத்துக் குறையும். தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். அருகிலுள்ள சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அது கூடும். திறந்த தரையில் உள்ள கருவிக்குத் தரை மட்டுமே எதிரொலிப்புத் தளம். சுவரை ஒட்டி வைத்தால் இரண்டு தளங்கள். 3 டெசிபெல் கூடும். இரு சுவர்கள் சேரும் மூலையில் வைத்தால் மூன்று தளங்கள். இன்னொரு 3 டெசிபெல் கூடும்.

சுவரை ஒட்டி, இடையில் தடுப்பு எதுவும் இல்லாமல் வைத்தால்:

2 மீட்டரில்: 55 – 11 = 44 டெசிபெல். வரம்பைத் தாண்டுகிறது.
4 மீட்டரில்: 55 – 17 = 38 டெசிபெல். இதுவும் தாண்டுகிறது.
5 மீட்டரில்: 55 – 19 = 36 டெசிபெல். வரம்புக்குள் அடங்குகிறது.

அதே கருவியை மூலையில் வைத்தால் 4 மீட்டரில் 41 டெசிபெல் வரும். கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்குப்புறமாக இருக்கட்டும் என்று மூலையைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஓசைக் கணக்கில் அதுவே கெடுதலான இடம். மறுபுறம், கருவிக்கும் அண்டைச் சன்னலுக்கும் இடையே பார்வையை முழுவதும் மறைக்கும் உறுதியான மதில் இருந்தால், அதற்கென்று குறிப்பிட்ட கழிவு கணக்கில் சேரும். இடைவெளி உள்ள வேலி அப்படித் தடுப்பாகாது. தடுப்பு எதுவும் இல்லாத நிலையில், ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளி வைப்பதே அனுமதி உண்டு, இல்லை என்பதை முடிவு செய்யலாம் என்பதை மேலுள்ள எண்கள் காட்டுகின்றன.

மற்ற நிபந்தனைகள்

ஓசை, கனஅளவு, எண்ணிக்கை ஆகியவற்றோடு பின்வருவனவும் நிறைவேற வேண்டும்.

கூரை: சாய்கூரையில் வைக்கக் கூடாது. தட்டைக் கூரையில் வைக்கலாம். ஆனால் கூரையின் வெளி விளிம்பிலிருந்து 1 மீட்டருக்குள் வரக் கூடாது. எல்லைக்கான 1 மீட்டர் நீங்கியதால் கூரைக்கான 1 மீட்டரும் நீங்கியதாக எண்ணக் கூடாது.

தெருப்பக்கச் சுவர்: பொதுவழியை நோக்கிய சுவரில், தரைத்தளத்துக்கு மேலே பொருத்தக் கூடாது.

மரபுப் பாதுகாப்புப் பகுதியும் உலக மரபுக் களமும்: இங்கே பொதுவழியை நோக்கிய சுவரிலோ கூரையிலோ பொருத்தக் கூடாது. மேலும், மனையை ஒட்டிச் செல்லும் எந்தப் பொதுவழிக்கும், வீட்டின் மிக அருகிலுள்ள பகுதியைவிட, கருவி அருகில் நிற்கக் கூடாது. இங்கிலாந்தில் சுமார் 10,000 மரபுப் பாதுகாப்புப் பகுதிகள் உள்ளன. பாத் நகரம் முழுவதுமே உலக மரபுக் களம். ‘பொதுவழி’ என்பது வாகனச் சாலையை மட்டும் குறிப்பதன்று. பொது நடைபாதையும் அதில் அடங்கும். ஆகவே இப்பகுதிகளில், கொல்லைப்புறத்தை ஒட்டிப் பொது நடைபாதை சென்றால், பின்தோட்டமும் முன் அனுமதிக்கு வெளியே போய்விடலாம்.

பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடம்: வீடு இப்பட்டியலில் இருந்தால் வீட்டிலும் அதன் மனையிலும் ‘ஜி’ வகுப்புச் சலுகை கிடையாது. இங்கிலாந்தின் பட்டியலில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் உள்ளன. இங்கே திட்ட அனுமதியோடு, கட்டடத்தின் மரபுத் தன்மையைப் பாதிக்கும் வேலைகளுக்கு மரபுக் கட்டட இசைவும் தனியாகத் தேவை. அந்த இசைவின்றி வேலை செய்வது குற்றம். பழமைச் சின்னமாகப் பட்டியலிட்ட நிலத்திலும் சலுகை இல்லை.

காற்றாலை: மனையில் ஏற்கெனவே காற்றாலை இருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது.

தோற்றம்: நடைமுறையில் இயன்ற அளவுக்கு, கட்டடத்தின் வெளித்தோற்றத்தையும் சுற்றுப்புறத்தின் இனிமையையும் கெடுக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

அகற்றுதல்: கருவி தேவையில்லாமல் போனால் விரைவில் அகற்ற வேண்டும்.

சிறியது என்றாலும் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. கனஅளவைக் கணக்கிடும்போது வெளி அலகைச் சுற்றி அமைக்கும் கூடும் சேரும். அழகுக்காக மரப்பலகைக் கூடு செய்து மூடுபவர்கள், அதன் அளவையும் 1.5 கன மீட்டருக்குள் அடக்க வேண்டும்.

நிலவழி, நீர்வழிப் பம்புகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இவற்றில் மின்விசிறி கொண்ட வெளிப்பெட்டி இல்லாததால் ஓசைச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. வீட்டு மனைக்குள் இவற்றைப் பொருத்துவது பொதுவாக அனுமதிக்கப்பட்ட மேம்பாடு. மரபுக் கட்டடங்கள், தொல்லியல் முக்கியத்துவம் உள்ள நிலங்கள் ஆகியவற்றில் தோண்டுவதற்கு முன் கவுன்சிலைக் கேட்க வேண்டும்.

சலுகையே இல்லாத வீடுகள்

மேலே சொன்ன நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தினாலும் சில வீடுகளுக்குச் சலுகை இல்லாமல் இருக்கலாம். நான்காம் பிரிவு ஆணை என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வகைச் சலுகைகளைக் கவுன்சில் இதன்மூலம் விலக்கிக்கொள்ளலாம். புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு அனுமதி தரும்போதே சலுகைகளை நீக்கும் நிபந்தனை சேர்க்கப்படுவதும் உண்டு. வீடு வாங்கியவருக்கு இது தெரியாமலே இருக்கலாம். வீட்டின் மூல அனுமதி ஆணையைக் கவுன்சிலின் பதிவேட்டில் பார்ப்பதே இதை அறிய வழி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் திட்டச் சட்டம் ஒரு பக்கம். குத்தகை ஒப்பந்தம் மறுபக்கம். வெளிச்சுவர் பெரும்பாலும் நில உரிமையாளருக்கே உரியது. அவருடைய எழுத்துமூல இசைவு இல்லாமல் அதில் எதையும் பொருத்த முடியாது. சொந்த வீட்டிலும் பத்திரத்தில் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகள் இருக்கக்கூடும். திட்ட அனுமதி அவற்றை நீக்காது.

விண்ணப்பிக்கும் முறை

நிபந்தனை ஒன்று பொருந்தவில்லை என்றால் கருவியே கூடாது என்று பொருளல்ல. வீட்டுக்காரர் விண்ணப்பம் ஒன்றைக் கவுன்சிலுக்கு அளிக்க வேண்டும், அவ்வளவே. ‘பிளானிங் போர்ட்டல்’ இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இருப்பிட வரைபடம் வழக்கமாக 1:1250 அளவிலும், மனை வரைபடம் 1:500 அல்லது 1:200 அளவிலும் இருக்கும். கருவியின் விவரக்குறிப்பையும் ஓசை மதிப்பீட்டையும் இணைப்பது நல்லது. தனி வீட்டுக்கான கட்டணம் 2025 ஏப்ரல் 1இல் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக உயர்ந்தது. கட்டணம் பின்னரும் திருத்தப்படும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளின் தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் அண்டை வீட்டாருக்கு அறிவிக்கப்பட்டு, கருத்துச் சொல்ல 21 நாள் தரப்படும். முடிவுக்கான காலம் 8 வாரம். ஓசை, தோற்றம், அண்டை வீட்டாரின் வாழ்வமைதி ஆகியவற்றைக் கவுன்சில் எடைபோடும். ‘என் வீட்டின் விலை குறையும்’ என்ற எதிர்ப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன, ஆனால் அதற்கு எழுத்துமூலச் சான்று வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அது சட்டப்படியான மேம்பாட்டுச் சான்றிதழ். வேலை தொடங்குமுன் கேட்டால், முழு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். இது கட்டாயமன்று. ஆனால் பின்னாளில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்குரைஞர் ‘இதற்கு அனுமதி உண்டா?’ என்று கேட்டால், காட்டுவதற்கு ஓர் அரசுத் தாள் கையில் இருக்கும்.

திட்ட அனுமதியோடு முடியாதவை

திட்ட அனுமதி வேறு, கட்டட ஒழுங்குவிதிகள் வேறு. முன்னது இடமும் தோற்றமும் சுற்றுப்புறமும் பற்றியது. பின்னது மின் பாதுகாப்பு, ஆற்றல் சிக்கனம் போன்றவை பற்றியது. தகுதிபெற்ற நிறுவுநர் கட்டட ஒழுங்குவிதிகளுக்கான சான்றைத் தாமே வழங்கலாம். மின்வலையமைப்பு நிறுவனத்துக்கும் கருவியைப் பற்றி அறிவிக்க வேண்டும். புரொப்பேன் வாயுவைக் குளிர்பொருளாகக் கொண்ட புதிய கருவிகள் தீப்பற்றும் தன்மை உடையவை. அவற்றைச் சன்னல், கதவு, வடிகால் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுவார். எல்லை நிபந்தனை நீங்கியது இதை மாற்றாது.

கொதிகலன் மாற்றத் திட்டத்தின் கீழ், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காற்றுவழி, நிலவழிப் பம்புகளுக்கு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு மானியம் தரப்படுகிறது. மானியத்துக்கு நிறுவுநரே விண்ணப்பிப்பார். மானியம் கிடைத்துவிட்டது என்பது திட்ட விதிகள் நிறைவேறியதற்குச் சான்றாகாது.

விதி மீறினால்

அனுமதியின்றிப் பொருத்தியது தெரியவந்தால், கவுன்சில் முதலில் பெரும்பாலும் பின்னேற்பு விண்ணப்பம் அளிக்கச் சொல்லும். அது மறுக்கப்பட்டால் அமலாக்க அறிவிக்கை வரலாம். கருவியை அகற்றும்படியோ மாற்றும்படியோ அது கட்டளையிடும். முன்பு இத்தகைய கட்டுமானங்களுக்கு நான்கு ஆண்டுக் கெடு இருந்தது. அதற்குப் பின் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் இந்தக் கெடு பத்து ஆண்டு. அந்நாளுக்கு முன்பே முடிந்த வேலைகளுக்குப் பழைய கெடுவே பொருந்தும். மரபுக் கட்டடங்களின் மீறலுக்குக் கெடுவே இல்லை.

ஓசையைப் பொறுத்தவரை இன்னொரு சட்டமும் உண்டு. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஓசை ஒருவருடைய வாழ்வை அளவுக்கு மீறிக் கெடுத்தால், அதை நிறுத்தும்படி கவுன்சில் அறிவிக்கை தரலாம். திட்ட அனுமதி இருக்கிறது என்று மட்டும் சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. பொருத்திய அன்று கணக்குச் சரியாக இருந்த கருவியும், தளர்ந்த திருகாலோ தேய்ந்த விசிறியாலோ, தாங்கும் சட்டம் சுவரோடு சேர்ந்து அதிர்வதாலோ, சில ஆண்டுகளில் ஓசை கூடலாம். ஆண்டுப் பராமரிப்பு கருவியின் நலனுக்கு மட்டுமன்று, அண்டை வீட்டாரின் உறக்கத்துக்கும் தேவை.

பொருத்துமுன் கேட்க வேண்டியவை

1. வீடு மரபுக் கட்டடமா? மரபுப் பாதுகாப்புப் பகுதியில் உள்ளதா? சலுகைகள் நீக்கப்பட்ட மனையா?
2. அலகின் கனஅளவு, கூட்டையும் சேர்த்து, எவ்வளவு?
3. மிக அருகிலுள்ள அண்டைச் சன்னல் எது? அதற்கு எத்தனை மீட்டர்?
4. கருவியைச் சுற்றி எத்தனை எதிரொலிப்புத் தளங்கள் உள்ளன? பார்வையை முழுவதும் மறைக்கும் தடுப்பு உண்டா?
5. நிறுவுநர் எம்.சி.எஸ். சான்று பெற்றவரா? ஓசைக் கணக்கை எழுத்தில் தந்தாரா?
6. பத்திரமோ குத்தகையோ தடை விதிக்கிறதா?

ஐந்தாவது கேள்விக்கான தாள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கைக்கு வர வேண்டும். ‘எல்லாம் சரியாக இருக்கும்’ என்ற வாய்ச்சொல் போதாது. எந்தச் சன்னலுக்கு, எத்தனை மீட்டரில், எந்த ஒலித்திறன் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் எரிவாயுவால் சூடேற்றப்படுகின்றன. 2028க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் வெப்பப் பம்புகள் பொருத்தப்பட வேண்டும் என்று 2020இல் பிரிட்டன் அரசு இலக்கு வைத்தது. அத்தனை வீடுகளும் விண்ணப்பித்துக் காத்திருந்தால் மாற்றம் நகராது; அதற்காகவே விதிகள் தளர்த்தப்பட்டன. ஆனால் தளர்ந்தது கவுன்சிலுக்கு அலையும் வேலைதான். அடுத்த வீட்டில் உறங்குபவருக்குத் தந்த உறுதி அப்படியே இருக்கிறது. முன்பு அதைச் சரிபார்க்க ஓர் அதிகாரி இருந்தார். இன்று அந்தப் பொறுப்பு முதலில் வீட்டுக்காரரிடமும் நிறுவுநரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.